லிஃப்டில் ஒட்டியிருந்த கவிதை

இரண்டாவது மாடியில் நாற்றம் தாங்க முடியவில்லை என்று குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுதியது செக்ரட்டரியம்மாதான். எங்காவது எலி செத்துக் கிடக்கும், குப்பைக் குழாயைக் கழுவ உடனே ஆள் வர வேண்டும் என்று எழுதிவிட்டு, காவலாளியையும் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தாள். பிறகு வாசற்கதவின் அடியில் ஈரத்துணியைச் செருகிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். அவள் எழுதியதற்குக் கீழே ஒரு பெரிய கூட்டமே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தது.

மறுநாள் குழாயைக் கழுவ வந்த ஆள் வேலையை முடித்துவிட்டு மேலே வந்தார். நாற்றம் குழாயிலிருந்து வரவில்லை, உங்கள் எதிர்வீட்டிலிருந்துதான் வருகிறது என்று அவர் சொன்னார். மணி அடித்தார்கள். தட்டிப் பார்த்தார்கள். போலீஸ் வந்து, பூட்டுக்காரர் வந்து, கதவைத் திறந்தபோது நடையில் நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் பின்வாங்கினார்கள். அந்த வீட்டில் தனியாக இருந்த அம்மாள் குளியலறை வாசலில் குப்புற விழுந்து கிடந்தார். இறந்து நாலைந்து நாளாவது ஆகியிருக்கும் என்றார் வந்த மருத்துவர். விழுந்த உடனே உயிர் போயிருக்காது, கொஞ்ச நேரமாவது கூப்பிட்டுப் பார்த்திருப்பார் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

செக்ரட்டரியம்மா அதற்குமுன் ஒரு விஷயத்துக்கும் கலங்கியவள் அல்ல. ஓர் அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவையே பல வருடம் கட்டி ஆண்டவள். ஓய்வுபெற்ற கையோடு கட்டடத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். மாடிப்படியில் செருப்புக் கிடக்கக் கூடாது, நடையில் பிள்ளைகள் பந்து ஆடக் கூடாது, முன்கூட்டியே மெசேஜ் அனுப்பாமல் யாரும் யார் வீட்டு மணியையும் அடிக்கக் கூடாது என்பதெல்லாம் அவள் கொண்டுவந்த விதிகள். அவரவர் நிம்மதி அவரவருக்கு என்பது அவள் கொள்கை. கட்டடத்தில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. பேசுவதற்கு முதலில் சந்தித்துக்கொள்ள வேண்டுமே.

எதிர்வீட்டு அம்மாள் ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார். இவளும் சிரிப்பாள். லிஃப்ட் தரைக்கு வந்துவிடும். அத்தனை வருடத்துப் பழக்கமும் அவ்வளவுதான்.

மகன் கடல் தாண்டி ஒரு தேசத்தில் இருந்தான். விமானம் பிடித்து வந்து, காரியங்களை முடித்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் செக்ரட்டரியம்மாவின் வீட்டு மணியை அடித்தான். மெசேஜ் ஏதும் அனுப்பவில்லை. கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினான்.

"அக்கா, நீங்கதானே? உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

அவள் சங்கத்தின் சார்பாகச் செய்த ஏற்பாடுகளைத்தான் சொல்கிறான் என்று நினைத்து, அது எங்கள் கடமை என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

"அதில்லக்கா. நான் போன் பண்றப்பல்லாம் அம்மா உங்களைப் பத்தித்தான் பேசுவாங்க. இங்க வந்து என்கூட இருங்கன்னு சொன்னா, எனக்கென்னடா குறை, எதிர்வீட்டுப் பொண்ணு தினமும் வந்து பேசிட்டுப் போகுது, அது இருக்கிற வரைக்கும் நீ கவலைப்படாதேம்பாங்க. நான் நிம்மதியா இருந்தேன்னா அது உங்களாலதான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் மாறிப் பேசுகிறானோ என்று பார்த்தாள். அவனோ அவள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான். அவள் பெண் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாளே, சமாதானம் ஆகிவிட்டாளா என்று கேட்டான். அந்தச் சண்டை அவளுக்கும் அவள் கணவருக்கும் தவிர வெளியே ஒரு காக்காய்க்குக்கூடத் தெரியாது.

கடைசியாக அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "அந்த வாரம் நீங்க ஊர்ல இல்லபோல. இருந்திருந்தா அம்மா அப்படிக் கிடந்திருக்க மாட்டாங்க. இல்லக்கா?"

ஊரில்தான் இருந்தேன் என்று சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். தலை தானாக ஆடியது. ஆமாம், ஊரில் இல்லை என்பதுபோல ஆடியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை கும்பிட்டுவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுக் கமா சார் லிஃப்டுக்காக அங்கேதான் நின்றிருந்தார். பத்திரிகையில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். சங்கம் ஒட்டும் அறிவிப்புகளில் எல்லாம் சிவப்பு மையால் கமா போட்டு வைப்பதால் வந்த பெயர் அது. அவர் அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் லிஃப்டுக்குள் போனார்.

உள்ளே கூடத்தில் அவள் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வருகிறவர்களின் மூக்கில் மாற்றி மாற்றி வில்லையைப் பொருத்தி, இது தெளிவா, அது தெளிவா என்று பகலெல்லாம் கேட்பார். வீட்டுக்கு வந்தால் அந்தப் பேச்சும் கிடையாது. கட்டடமே அவரை மௌனச்சாமி என்றுதான் சொல்லும். அவன் சொன்னதைக் கேட்டீர்களா என்று அவள் கேட்டதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போனவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். லிஃப்டுக்குள், கண்ணாடிக்குப் பக்கத்தில், நாலு மூலையிலும் ஒழுங்காக டேப் ஒட்டி ஒரு தாள். பெரிய பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது.

கதவுக்கு ஒரு கண் வைத்தோம்,
காதும் வாயும் வைக்கவில்லை.
வந்தவரை வாங்க என்ற வாய்
யார் வேணும் என்று கேட்கப் பழகியது.
சாப்பிட்டீங்களா என்ற சத்தத்தில்
வளர்ந்தவர்கள்தாம் நாம்.
நாற்றம் வந்த பிறகுதான்
நலம் விசாரித்தோம்.

யாருடைய பெயரும் அதில் இல்லை. ஆனாலும் படித்தவர்கள் ஒவ்வொருவருக்கும் முகத்தில் அறை வாங்கியதுபோல இருந்தது. ஆறாவது மாடிக்காரர் கீழே வருவதற்குள் முகம் சிவந்து, இதை எழுதிய ஆளைச் சும்மா விடக் கூடாது என்று குழுவில் எழுதினார். மூன்றாவது மாடியில் ஒரு பெண் படித்துவிட்டு, லிஃப்ட் நின்ற பிறகும் வெளியே வராமல் அப்படியே நின்றாளாம். செக்ரட்டரியம்மா ஓடிப்போய் அதைக் கிழித்தாள். கடைசி இரண்டு வரியும் தான் எழுதிய மெசேஜுக்குப் பதில் என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிழித்த தாளை எங்கே போடுவது என்று தெரியாமல் கைக்குள் கசக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அதற்கடுத்த நாள் இன்னொன்று.

நன்றி என்று கைகூப்பினான் ஒருவன்.
வாங்கிக்கொண்டோம்.
போகாத வீட்டுக்குப் போனதாக,
கேட்காத நலம் கேட்டதாக,
இருந்த ஊரில் இல்லாததாக.
வாசலில் நின்றவனை
உள்ளே வா என்றாவது சொன்னோமா?
அதுவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு, லிஃப்ட் மேலும் கீழுமாகப் போய் வருவதுகூடத் தெரியாமல் உள்ளேயே நின்றாள். தாய் இறந்து வந்தவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை என்பது அந்த நிமிடம்தான் அவளுக்கே உறைத்தது. அவள் அம்மா வீட்டில் தபால்காரர் வந்தால்கூட மோர் கொடுக்காமல் அனுப்பியதில்லை.

அந்தத் தாளில் ஓரிடத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்து ஒன்றைச் சிவப்பு மையால் சேர்த்திருந்தது. அவள் நேராகக் கமா சாரின் கதவைப் போய்த் தட்டினாள். மனிதர் அசரவில்லை.

"பிழையைத் திருத்தினது நான்தாம்மா. எழுதினது நான் இல்ல. நான் எழுதியிருந்தா அந்தத் தப்பு வந்திருக்குமா?"

அப்படியானால் யார் என்று கேட்டாள். தெரியாது என்றார். வாசலில் நடந்த பேச்சை நீங்கள்தானே கேட்டீர்கள் என்று மடக்கினாள். ஆமாம், கேட்டேன், கேட்டுவிட்டுப் பேசாமல் லிஃப்டில் ஏறிப் போனேன், அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன்தான் என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் நம்பவில்லை. இவரைத் தவிர யாரும் இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டாள்.

அவளுக்கு இருந்த பயமெல்லாம் அந்த மகனைப் பற்றித்தான். ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டு, வீட்டைக் காலி செய்ய அவன் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தான். அந்த லிஃப்டில்தான் வருவான். அவன் கண்ணில் படுவதற்குள் கிழித்துவிட வேண்டும் என்று விடிந்ததும் விடியாததுமாகப் போய் நின்றாள். லிஃப்ட் கேமரா வெகுநாளாகப் பழுதாகிக் கிடந்தது. ஆள் வைத்து அதையும் சரி செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டம் கூட்டினாள். ஒட்டுகிற ஆளை எல்லாருக்கும் முன்னால் பிடித்துக் காட்டிவிட்டால் கதை முடிந்துவிடும் என்று நினைத்தாள். கேமராப் படத்தை அவள் முன்னதாகப் பார்க்கவில்லை. பழுது பார்த்தவர் கூட்டத்துக்கே வந்து போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலையும் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. இந்த முறை அவள் கிழிக்கவில்லை. சாட்சி இருக்கட்டும் என்று பத்திரமாக உரித்தெடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டு போனாள்.

கூட்ட அறைக்குள் நுழைந்ததும் அவளுக்கு முதல் அதிர்ச்சி காத்திருந்தது. முன்வரிசையில் அந்த மகன் உட்கார்ந்திருந்தான். இரங்கல் தெரிவிக்கும்போது அவர் இருப்பதுதானே மரியாதை என்று சங்கத் தலைவர் கூப்பிட்டுவிட்டாராம். தலைவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர், யாரையும் கேட்காமல் நல்லது செய்துவிடுகிறவர். இனி கூட்டத்தை நிறுத்தவும் முடியாது. எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். உட்கார்ந்தார்கள். பழுது பார்த்தவர் டிவியில் வயரைச் செருகினார்.

படம் மேலிருந்து எடுத்தது. வெறும் லிஃப்ட் கொஞ்ச நேரம் தெரிந்தது. கதவு திறந்து ஒரு வழுக்கைத் தலை உள்ளே வந்தது. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, தாளை வைத்து, இரண்டடி பின்னால் போய்ச் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு மூலையை உரித்து மறுபடி நேராக்கியது. வாடிக்கையாளரின் மூக்கில் கண்ணாடியைப் பொருத்திவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பாரே, அதே பார்வை. கடைசியில் அந்தத் தலை நிமிர்ந்து கேமராவைப் பார்த்தது. ஒளியவில்லை.

பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். செக்ரட்டரியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரே கட்டிலில் படுத்து எழுந்த மனிதர். ஒரே மேசையில் எதிரும் புதிருமாகச் சாப்பிட்ட மனிதர். கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார்.

"நான்தான் எழுதினேன்."

அந்த அறையில் இருந்த பாதிப் பேர் அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். ஆறாவது மாடிக்காரர் எகிறினார். அவ்வளவு அக்கறை இருக்கிறவர் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்திருக்கலாமே, செத்த பிறகு எங்களுக்கு எதற்குக் கவிதை என்று கேட்டார். மௌனச்சாமி அதற்குக் கோபப்படவில்லை.

"பார்க்கல. அதனாலதான் நாம்னு எழுதினேன். நீங்கன்னு ஓரிடத்துலயும் எழுதல."

இன்னும் ஏதாவது சொல்லப் போகிறாரா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாகத்தான் பேசினார். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, சண்டை போடவும் வராது, நமக்கு என்ன ஆகிவிட்டது என்று கத்த வேண்டும்போல இருந்தது, கத்துவதற்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான் என்றார். பிறகு மனைவியின் கையில் இருந்த தாளைப் பார்க்காமலே, அதில் இருந்ததைச் சொன்னார்.

"ஊர் என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால்
இனி என்ன சொல்வோம்?
சுவர் பொது, படி பொது,
தண்ணீர்த் தொட்டி பொது,
சாவு மட்டும் அவரவர் வீட்டில்
கதவைச் சாத்திக்கொண்டு
என்றா?"

ராகம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. கடையில் கண்ணாடியின் பவர் எண்ணைப் படித்துச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனாலும் தலைவர் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, திறக்காமல், மறுபடி வைத்தார்.

அப்போதுதான் அந்த மகன் எழுந்தான். அவன் அவரிடம் போகவில்லை. செக்ரட்டரியம்மாவிடம் வந்து தன் கைபேசியை நீட்டினான். இரண்டாவது கவிதை அதில் படமாக இருந்தது. அவள் கிழிப்பதற்கு முன்பே பார்த்திருக்கிறான். இத்தனை நாளும் தெரிந்துகொண்டுதான் எதிரும் புதிருமாக வரும்போது அவளைப் பார்த்துத் தலையசைத்திருக்கிறான்.

"இது உங்களைப் பத்தின்னு நான் நம்பலக்கா. அம்மா என்கிட்டப் பொய் சொன்னதே கிடையாது. நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதை நான் நம்புறேன்."

கட்டடமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கவிதை பொய் என்று சொன்னால் போதும், கணவர் பைத்தியக்காரர் ஆகிவிடுவார், தான் தப்பித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை நினைத்தே அவளுக்குப் பகீரென்றது.

"நான் ஊர்லதான் இருந்தேன் தம்பி. உங்க வீட்டுக்குள்ள நான் ஒரு நாள்கூட வந்ததில்ல."

அவன் கைபேசியைத் தாழ்த்தினான். "அப்ப உங்க முழங்கால் வலி அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் நடந்தான். அவள் பின்னால் போனாள். முழங்கால் நோக நோகப் படியேறினாள். லிஃப்டில் ஏற அவளுக்குத் தைரியம் வரவில்லை.

எதிர்வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பாதி சாமான்களை அட்டைப் பெட்டிகளில் கட்டியாகிவிட்டது. அவன் வாசற்கதவைச் சாத்தியதும் மருந்து தெளித்த வாடை இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. கூடத்தில் இருந்த ஒரு நாற்காலியை மட்டும் அவன் நகர்த்தவில்லை. அது ஜன்னலைப் பார்த்தும் இல்லை, டிவியைப் பார்த்தும் இல்லை. வாசற்கதவை ஒட்டி, கதவைப் பார்த்தபடி போட்டிருந்தது. உட்காருமிடம் குழிந்த ஒரு மெத்தை. பக்கத்தில் சின்ன முக்காலி, அதில் டம்ளர் வைத்து வைத்துப் படிந்த வட்டக் கறை.

வந்த நாளிலிருந்து இது எனக்குப் புரியவில்லை என்றான் அவன். ஏன் இதை இங்கே போட்டு வைத்திருந்தார் என்று கேட்டான்.

செக்ரட்டரியம்மா அதில் உட்கார்ந்தாள். முழங்காலுக்கு ஓய்வு வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்குள் தன் வீடு காதில் விழுந்தது. கணவர் கூட்டத்திலிருந்து திரும்பிவந்து செருப்பைக் கழற்றுவது கேட்டது. குழாயைத் திறந்து டம்ளரில் தண்ணீர் பிடிப்பது கேட்டது. போன் அடித்தது. அவள் பெண்ணின் குரல், ஸ்பீக்கரில், அம்மா எங்கேப்பா என்று கேட்டது. அவர் சொன்னார்:

"அம்மா எதிர்வீட்டுக்குப் போயிருக்கா."

அந்த வாக்கியத்தை அந்த வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை.

அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆக, தன் முழங்கால் புலம்பலும், பெண்ணோடு போட்ட சண்டையும், சமையலும், சலிப்பும் எல்லாம் இங்கே வந்துகொண்டிருந்தன. அந்த அம்மாள் இங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கேட்டதையெல்லாம் தன்னிடம் வந்து பேசியதாக மகனிடம் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அதற்கடுத்துத்தான் அந்த நினைப்பு வந்தது. இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்குமா?

கத்தவில்லை. சமையலறையிலிருந்து கூப்பிடுகிற சாதாரணக் குரலில், "ஏங்க" என்றாள்.

எதிர்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகன் இந்தக் கதவைத் திறந்தான். "என்ன?" என்று கேட்டபடி அவள் கணவர் வந்து நின்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கும் புரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் போட்டால் படுக்கிற வரைக்கும் ஓடும். அந்தச் சத்தத்துக்கு அடியில் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்ததா, வந்து நின்றதா, யாருக்குத் தெரியும்? ஏதோ கேட்டதுபோல இருந்தது என்று எப்போதாவது தலையைத் திருப்பினாளா? எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. நினைவு வராததுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

மகன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போன்ல பேசறப்ப எனக்கே சில நாள் சந்தேகம் வரும். யாராவது இவ்வளவு நல்லவங்களா இருப்பாங்களான்னு. கேட்டா நான் கிளம்பி வர வேண்டியிருக்கும். அதனால கேக்கல." பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான். "நீங்க போங்க. நான் கொஞ்சம் தனியா இருக்கணும்."

மன்னித்துவிடு என்று கேட்க அவள் வாயெடுத்தாள். கணவர் அவள் தோளைத் தொட்டு வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தார். இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். இரண்டே எட்டில் தங்கள் வீடு.

உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள். அவள்தான் கேட்டாள்.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே? ஊரைக் கூட்டித்தான் சொல்லணுமா?"

"சொல்லியிருந்தா நீ பதில் சொல்லியிருப்ப," என்றார் அவர். "உன் பதில் எப்பவும் சரியாத்தான் இருக்கும். நானும் சரின்னு விட்டுட்டு டிவி பார்க்கப் போயிருப்பேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அவர் மேல் வந்த கோபமும் சேர்ந்துதான் வந்தது. தன்னை எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்துவிட்டார் என்ற ஆத்திரம் அவளுக்குப் பல நாள் போகவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு நாள் அவருக்குத் தட்டில் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவரும் வழக்கம்போலப் பேசாமல் சாப்பிட்டார்.

மகன் அந்த வாரமே வீட்டை ஒரு தரகரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினான். போகும்போது அவர்கள் வீட்டு மணியை அடிக்கவில்லை. பெட்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. செக்ரட்டரியம்மா கதவைத் திறந்து ஓடினாள். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது. உள்ளே அவன் அவளைப் பார்த்தான். கும்பிடவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

சங்கம் மறுபடி கூடியது. லிஃப்டில் யாரும் எதையும் ஒட்டக் கூடாது என்று ஆறாவது மாடிக்காரர் கொண்டுவந்த தீர்மானம் பெருவாரியாக நிறைவேறியது. கமா சார் மட்டும் எதிர்த்துக் கை தூக்கினார், அதோடு தீர்மானத்தில் இரண்டு எழுத்துப் பிழை இருப்பதையும் சொன்னார். செக்ரட்டரியம்மா யாருக்கும் கை தூக்கவில்லை. தன் பொறுப்பை அந்தக் கூட்டத்திலேயே விட்டுவிட்டாள். ஆனாலும் எல்லாரும் அவளைச் செக்ரட்டரியம்மா என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள்.

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. இப்போது தன் கடைக்கு வெளியே, தெருவைப் பார்த்த கண்ணாடியில் ஒட்டுகிறார். சிலர் நின்று படிக்கிறார்கள். சிலர் திட்டிவிட்டுப் போகிறார்கள். கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் படித்துவிட்டு, பரிசோதனை வேண்டாம் என்று திரும்பிப் போனாராம்.

செக்ரட்டரியம்மா ஒரு நாள் சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டுப் படியேறி நாலாவது மாடிக்குப் போனாள். அங்கே மனைவியை இழந்த ஒரு பெரியவர் தனியாக இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். மணியை அடிக்கத் தயங்கினாள். முன்கூட்டிச் சொல்லவில்லையே என்ற பழைய நினைப்பு வேறு. அடித்தாள். உள்ளே செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம் கதவுவரை வந்து நின்றது. கண்துளை இருண்டது. அவள் நகரவில்லை.

கதவு சங்கிலியோடு ஒரு சாண் திறந்தது. ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன. பெரியவர் குரலில் பயம் இருந்தது.

"என்னம்மா? என் மேல யாராவது கம்ப்ளெயின்ட் குடுத்தாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க," என்றாள் அவள். "சும்மாதான் வந்தேன். நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு."

அந்தப் பதிலுக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சங்கிலியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் நின்றாள்.